காத்து வராத ஃபேன்

விருதுநகரில் ஆடி மாதத்து மத்தியானம் என்றால் தெருநாய்கூடச் சாக்கடை ஈரத்தைத் தேடிப்போய்ப் படுத்துவிடும். மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் அப்படியே டீ போடலாம். அந்த ஊரில், அந்த மாதத்தில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, வீட்டைச் சூடாக்குவதற்கு ஒரு மெஷின் செய்யப்போகிறேன் என்று ஆசிப் சொன்னான்.

சோறு போட வந்த அவன் அம்மா கமருன்னிசா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னத்தச் சூடாக்க?"

"வீட்டத்தாம்மா. கரண்டுல ஓடும். பின்னால ஒரு சின்ன ஃபேன் இருக்கும், அது சூட்ட ரூமு பூராம் பரப்பி விடும். ஒரு கையில தூக்கிட்டுப் போயிரலாம்."

"இந்த வீட்டயா? ஏலே, மாடில போயி அஞ்சு நிமிசம் நின்னுட்டு வா. மண்டைக்குள்ள என்னமும் மிச்சம் இருக்கான்னு பாத்துட்டுப் பெறகு பேசுவோம்."

"இங்கனக்கு இல்லம்மா, கொடைக்கானலுக்கு. சண்முகவேல் அண்ணாச்சி லாட்ஜுக்கு."

அடுப்படியில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி நசிமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியாரின் முகத்தைப் பார்த்து வந்த சிரிப்புதான் அது. விஷயம் அவளுக்கு முந்தின நாளே தெரியும். கேட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஆசிப்புக்கு மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற தொழில். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைதான் பட்டறை. சிவகாசி அச்சாபீஸ் மோட்டார், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிணற்று மோட்டார், உள்ளூர் ஃபேன்கள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அவன் காயில் கட்டிய ஃபேன் சுற்றினால் சுவரில் காலண்டர் நிற்காது என்று ஊருக்குள் பேர். விருதுநகரில் ஃபேனுக்கு வேறு பரீட்சையே கிடையாது. ஸ்விட்சைப் போட்டுவிட்டு, கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "காத்து வருதா?" என்று கேட்பார்கள். வந்தால் நல்ல ஃபேன், வராவிட்டால் காயலான் கடை.

சண்முகவேல் அண்ணாச்சி சாத்தூரில் பிறந்து கொடைக்கானலில் லாட்ஜ் நடத்துகிறவர். தண்ணீர் மோட்டார் கருகினால் மலையிலிருந்து இறக்கி ஆசிப்பிடம்தான் கொண்டுவருவார். போன தடவை வந்தபோது அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, கடையில விக்கிற ஹீட்டரு கரண்ட முழுங்குது. நாலு ரூமுல போட்டா லாட்ஜே இருட்டாயிருது. கரண்டு கம்மியா, கையில தூக்குற மாதிரி, சின்னப்புள்ள தட்டிவிட்டாலும் பயமில்லாத மாதிரி ஒண்ணு இருந்தா எங்க மலையில அம்புட்டு லாட்ஜுக்காரனும் வாங்குவான்." அவர் சும்மா புலம்பிவிட்டுப் போனார். ஆசிப்புக்குத் தூக்கம் போய்விட்டது.

அவனுக்கு அவசரமும் இருந்தது. நசிமாவின் அண்ணன் பைசல் அரபு நாட்டில், தம்மாமில், ஏசி கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன்தான் கம்பெனிக்காரனிடம் நடையாய் நடந்து மச்சினனுக்கு ஒரு விசா வாங்கி அனுப்பியிருந்தான். மெடிக்கல் முடிந்துவிட்டது. டிக்கெட் போடுவதுதான் பாக்கி. ஆசிப்பின் அத்தா முகம்மது யூசுப்புக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்து நடத்தும் மனிதர் அவர். மகன் கறுத்த கையோடு மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தொழிலாகவே படவில்லை.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து எண்ணெய்ப் புரோட்டாப் பொட்டலத்தோடு வந்தவரிடம் ஆசிப் விஷயத்தைச் சொன்னான். அவர் புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் முக்கியபடி முழுதாகக் கேட்டார்.

"இன்னாப் பாருலே. நான் ஒண்ணும் ஒன்னயத் தொரத்தி விடல. அண்ணாச்சி ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக் கோயிலுக்கு மொட்ட போட வருவாருல்ல? வந்து மெஷினப் பாக்கட்டும். அவரு வாயால ஆர்டரச் சொல்லிட்டாருன்னா, நீ இங்கனயே இரு, நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். சொல்லலன்னா, நீயும் ஒரு வார்த்த பேசாம ஏறிரணும். சம்மதமா?"

"சம்மதம்த்தா."

நசிமாவிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. விசா அனுப்பினவன் கூடப்பிறந்த அண்ணன். அவனுடைய நல்ல மனசை எப்படி வேண்டாம் என்பது? ஆனால் சிவகாசியில் அண்ணி தஸ்லிமா இருக்கும் இருப்பு அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை போனுக்காக வெள்ளிக்கிழமையே தலைக்குக் குளித்துவிட்டுக் காத்திருக்கிற பொம்பளை அவள். அந்த இருப்பு தனக்கு வேண்டாம் என்று நசிமாவின் உடம்பெல்லாம் சொல்லியது. அதனால் மறுநாளே மாமியாரின் கடலையெண்ணெய் டின் காணாமல் போனதற்கு அவளும் உடந்தை.

"ஏ நசிமா, இங்கன இருந்த டின்னு எங்க?"

"எண்ணெய அண்டாவுல ஊத்தி வச்சுட்டேன் மாமி."

"அண்டாவுலயா? யா அல்லா, இந்த வீட்டுல பைத்தியம் ஒண்ணுன்னு நெனச்சேன், ரெண்டால்ல இருக்கு!"

அந்த டின்தான் மெஷினுக்கு உடம்பு. ஆசிப் அதன் முன்பக்கத்தை வெட்டி ஜன்னல் மாதிரி கம்பி வலை வைத்தான். உள்ளே மைக்காத் தகட்டில், கரண்டு ஏறினால் சிவந்து சூடாகும் நைக்ரோம் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி இழுத்துக் கட்டினான். அதற்குப் பின்னால் ஒரு மேஜை ஃபேனின் மோட்டார். பழைய இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறினால் தானாக அணைகிற தகடு இருக்குமே, அதைக் கழற்றி இதில் பொருத்தினான். கம்பி சுற்றுகிற வேலை நசிமாவுடையது. அவள் விரலுக்கு இழுவை சமமாக வரும். ஒரு சுருள்கூட அடுத்ததைத் தொடாது.

பட்டறைக்குள் வளவளவென்று பேசுகிறவள் இல்லை அவள். ஆனால் நெருப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். சிவகாசியில் அவள் பிறந்த தெருவில் பாதிப்பேர் நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். கேட்டில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத் தீப்பெட்டி இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஆளை உள்ளே விடுவார்கள். கொலுசில் இரும்புத் திருகு இருந்தாலும் கழற்றச் சொல்லும் ஊர் அது. அந்த வளர்ப்பு எங்கே போகும்?

"கம்பி செவக்குறது வெளிய தெரியக்கூடாது மச்சான்."

"வல போட்டிருக்கேன்ல."

"வலைக்குள்ள சேலத் தலப்பு போகும். இன்னும் உள்ள தள்ளி வைங்க. ஃபேன் நின்னுபோச்சுன்னா கம்பியும் நின்னுரணும். மெஷின் சாஞ்சா அந்த நிமிசமே அணையணும்."

"அதுக்கு அடியில ஒரு ஸ்விட்சு வைக்கணும். தரையில உக்காந்தா அமுங்கும், சாஞ்சா விட்டுரும்."

"வைங்க."

வைத்தான். அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் போகும்போதும் வரும்போதும் அவள் மெஷினுக்குக் காலால் ஓர் எத்து விட்டுப் பார்ப்பாள். டின் உருளும், உள்ளே டக்கென்று அணையும். "ஏய், அது என்ன பந்தா?" என்று ஆசிப் கத்துவான். அவளுக்குத் திருப்தியாக இருக்கும்.

முதல் ஓட்டம் நடுவீட்டில் நடந்தது. கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து, பிஸ்மில்லா சொல்லி ஸ்விட்சைப் போட்டான். மெஷின் உறுமியது. உறுமிய வேகத்தில் கமருன்னிசாவின் தலையில் கிடந்த முக்காடு பின்னால் பறந்தது. சுவரில் காலண்டர் படபடத்தது. எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது.

"சூடு தெரியுதாம்மா?" என்று ஆசிப் கத்தினான்.

"தெரியுது. ஆனா அது ஒன் மெஷின்ல இருந்து வருதா, வெயில்ல இருந்து வருதான்னு எப்புடிலே கண்டுபிடிக்க?"

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் மெஷினே டக்கென்று அணைந்தது. வீட்டுச் சூட்டிலேயே இஸ்திரித் தகடு பயந்துபோய்க் கரண்டை வெட்டிவிட்டது.

"இருந்தாலும்" என்றார் யூசுப், நெற்றியைத் துடைத்தபடி, பெருந்தன்மையாக. "காத்து நல்லா வருதுலே."

"சும்மா சொல்லக்கூடாது, அம்புட்டுக் காத்து" என்றாள் கமருன்னிசா.

ஆசிப்புக்கு முகமெல்லாம் பல். அந்தப் புகழ்ச்சியில் மயங்கி, அன்றே மோட்டாரைப் பிரித்து இன்னும் வேகமாகச் சுற்றும்படி காயில் கட்டிவிட்டான். நசிமாவும் பாராட்டினாள். அவளும் இந்த வெயிலில் காற்றுக்கு ஏங்குகிறவள்தானே.

ஆனால் குளிரில் வைத்துப் பார்க்காமல் ஹீட்டரைப் பற்றி என்ன சொல்வது? கொடைக்கானலுக்குப் போகலாம் என்றால் பட்டறையில் வேலை குவிந்து கிடந்தது. தீபாவளி சீசன் என்று அச்சாபீஸ்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள். விருதுநகரில் குளிர் எங்கே கிடைக்கும் என்று ஆசிப் நாள் பூராவும் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தான். அப்போதுதான் கடையிலிருந்து வந்த யூசுப், "ஏசி கிட்டங்கியில நம்ம மூடையப் பாத்துட்டு வாரேன். உள்ள போனா பல்லு கிடுகிடுங்குது, பாத்துக்க" என்று சொல்லியபடி செருப்பைக் கழற்றினார்.

நசிமா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "மாமா! அங்கனயே வச்சுப் பாக்கலாம்ல?"

வத்தல் நிறம் மாறாமல் இருக்கக் குளிரில் அடுக்கிவைக்கிற கிடங்கு அது. கமிஷன் கடைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் சரக்குப் போடுவார்கள். கிட்டங்கியின் காவலாளி சங்கிலிமுத்து, விஷயத்தைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"பாய், குளுர வைக்கிறதுக்கு எங்க மொதலாளி மாசாமாசம் கரண்டாபீஸ்ல கொட்டி அழுறாரு. நீங்க உள்ள வச்சே சூடேத்தப் போறேங்கீக. அவருக்குத் தெரிஞ்சா என் தொலிய உரிச்சு இந்த வத்தலோட வத்தலா அடுக்கிருவாரு."

"பெரிய ரூமு வேணாம்ப்பா. ஓரத்துல சின்ன ரூமு ஒண்ணு இருக்குல்ல, பிஞ்ச மூடை போட்டு வைக்கிறது? செத்த நேரம் குடு."

யூசுப் பாய் சொல்லைத் தட்ட முடியாமல் சங்கிலிமுத்து அந்த அறையின் குளிர் மெஷினை நிறுத்தி, கனத்த கதவைத் திறந்துவிட்டான். குளிர் வெள்ளைப் புகையாக வந்து காலைச் சுற்றியது. நசிமா புர்காவுக்கு மேல் ஒரு கம்பளியைச் சுற்றியிருந்தாள். கல்யாணத்துக்கு யாரோ புண்ணியவான் பரிசாகக் கொடுத்தது. விருதுநகரில் கம்பளி பரிசளித்தவரை நினைத்து வீடே ஒரு மாதம் சிரித்திருக்கிறது. இப்போது அவருக்காக துஆ கேட்டுக்கொண்டாள். கமருன்னிசா ஜமுக்காளத்தோடு வந்திருந்தாள். யூசுப் இரண்டு துண்டை வைத்துக் காதோடு தலைப்பாகை கட்டியிருந்தார்.

"பாத்தியாளா, வாயில பொக வருது!" என்று கமருன்னிசா சின்னப்பிள்ளை மாதிரி ஊதி ஊதிப் பார்த்தாள்.

ஆசிப் ஸ்விட்சைப் போட்டான்.

அறையில் பிய்ந்த மூடைகளிலிருந்து சிந்திய விதையும் தூசியும் தரையெல்லாம் கிடந்ததை யாரும் யோசிக்கவில்லை. காலண்டரைப் பறக்கவிடுகிற ஃபேன் அது. ஒரே ஊதலில் அத்தனை வத்தல் தூசியும் எழும்பி அறையை நிறைத்தது. முதலில் யூசுப் தும்மினார். பிறகு யார் தும்மினார்கள், யார் இருமினார்கள் என்று கணக்கே இல்லை. ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். "அய்யோ என் கண்ணு, என் கண்ணு" என்று கமருன்னிசா ஜமுக்காளத்தால் கண்ணைத் துடைக்க, அதிலும் தூசி இருந்ததால் இன்னும் எரிந்தது. சங்கிலிமுத்து வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தான்.

நசிமா விடவில்லை. ஈரச்சாக்கை வாங்கித் தரையை முழுதாகத் துடைத்தாள். சங்கிலிமுத்து குளிர் மெஷினைத் திரும்ப ஓட்டி, அறை பழையபடி சில்லிட்டதும் நிறுத்தினான். எல்லோரும் மறுபடி உள்ளே போனார்கள். அவள் மெஷினுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள். ஃபேன் உறுமியது. அவள் கையை நீட்டினாள், முகத்தைக் காட்டினாள்.

"மச்சான்... குளுருது."

"என்னது?"

"முன்னைக்கும் கூடுதலாக் குளுருது."

ஆசிப் நம்பாமல் அவளைத் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்தான். காற்று அவன் மார்பில் வந்து மோதியது. சட்டைக்குள் புகுந்து முதுகுவரை சில்லென்று ஓடியது. கம்பி என்னவோ சூடாகத்தான் இருந்தது. அது அவனை வந்து சேரவில்லை.

யூசுப் தலைப்பாகையை அவிழ்த்தார். அவர் குரலில் கோபமில்லை. அதுதான் நசிமாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"போதும்லே. ஒன்னால ஆனதச் செஞ்ச. பைசலுக்குப் போனப் போட்டு, டிக்கெட்ட எடுக்கச் சொல்லு."

வெளியே வேப்பமரத்தடியில் ஆசிப் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். யூசுப்பும் கமருன்னிசாவும் தங்கள் மூடைகளைப் பார்க்கப் போனார்கள். சங்கிலிமுத்து எல்லோருக்கும் டீ வாங்கிவந்தான். கண்ணாடித் தம்ளர் கொதித்தது. நசிமா அதை உதட்டருகே கொண்டுபோய் ஊதினாள். ஊதியவள் அப்படியே நிறுத்தினாள். திரும்ப ஊதினாள். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மச்சான், இப்ப நான் என்ன செய்யுறேன்?"

"டீய ஆத்துற. குடிச்சுட்டுக் கெளம்பு."

"இதத்தான் நீங்களும் செய்யுறீக! சூட்ட உண்டாக்கி, அத நீங்களே ஊதி ஊதி ஆத்துறீக! அம்புட்டு வேகத்துல காத்தடிச்சா சூடு எங்கன நிக்கும்? மெதுவா வரணும் மச்சான். கொழந்த தூங்குற ரூமுக்குள்ள ஆளு நடக்குற மாதிரி மெதுவா."

ஆசிப் நிமிர்ந்தான். கணக்கு அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் இன்னும் சுருங்கியது.

"காத்து வராத ஃபேனு செய்யச் சொல்றியா? நான் கட்டுன மோட்டாருல காத்து வரலன்னு ஒருத்தன் சொல்லிட்டாப் போதும், பஜார்ல தல காட்ட முடியாது. எம் பேரே அதுலதான் நிக்குது."

"நீங்க காத்து விக்கிறவுக. அண்ணாச்சி கேட்டது காத்தில்ல, சூடு."

"அதுக்காக..."

"ஒங்க பேரு போனாப் போகட்டும். ஆளு இங்கன இருக்கணும்." சொல்லிவிட்டாள். "நீங்க போகக்கூடாது. எனக்குச் சம்மதமில்ல."

ஆசிப் அவளையே பார்த்தான். "ஒங்கண்ணன் வாங்குன விசாவாச்சே. நீ இதுவரைக்கும் ஒண்ணுமே சொல்லலயே. ஒனக்கும் இஷ்டம்னுல்ல நெனச்சேன்."

"அண்ணன் விசான்னுதான் வாயத் தொறக்கல. இப்பத் தொறந்துட்டேன், போதுமா?"

அவன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வாய் வெந்துபோய், "வா, போவோம்" என்று எழுந்தான்.

அதன்பிறகு பட்டறையில் இருந்த பரபரப்பைச் சொல்லி மாளாது. மோட்டாரைப் பிரித்து மெல்லிய கம்பியால் கூடுதல் சுற்று கட்டினான். சுற்றுக் கூடினால் வேகம் குறையும். இறக்கைகளை அகலமாக்கிச் சாய்வைக் குறைத்தான். மெஷினின் வாயை மேலே பார்க்காமல் தரையோடு தரையாகப் பார்க்கும்படி இறக்கினான். சூடு எப்படியும் மேலே ஏறிவிடும், அதற்கு யாரும் வழிகாட்ட வேண்டாம் என்பது நசிமாவின் கட்சி. ஃபேன் மெதுவானதும் கம்பி ஒரேயடியாகச் சூடேறியது. அதனால் ஒரு சுருளை மூன்று சிறிய சுருளாகப் பிரித்தார்கள். ஒரு சிக்கலை முடித்தால் இன்னொன்று கிளம்பும், அதைத் தீர்த்தால் அடுத்தது. சோறு ஆறிப்போய்க் கிடக்கும். கமருன்னிசா திட்டிக்கொண்டே வந்து, தானும் ஒரு திருகாணியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஒரே ஒரு குறை. திரும்பக் கிட்டங்கியில் வைத்துப் பார்க்க முடியவில்லை. முதலாளி ஊருக்கு வந்துவிட்டார், வெள்ளிக்கிழமை அவர் இருக்கன்குடிக்குப் போனால்தான் உண்டு என்று சங்கிலிமுத்து கையை விரித்துவிட்டான். ஆக, அண்ணாச்சி பார்க்கும்போதுதான் இவர்களும் பார்க்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து அத்தாவும் மகனும் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியின் கார் வந்து நின்றது. பளபளவென்று மொட்டைத் தலை, அதில் சந்தனம், இடுப்பில் மஞ்சள் வேட்டி. இருக்கன்குடியில் இறங்க இடமில்லாத கூட்டம் என்று சொல்லியபடியே உள்ளே வந்து, கமருன்னிசா கொடுத்த சர்பத்தை வாங்கிக் குடித்தார்.

"எங்க தம்பி, மெஷினக் காட்டு."

ஆசிப் ஓட்டினான். சத்தமே இல்லை. அண்ணாச்சி குனிந்தார், கையை நீட்டினார், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்தார். மலையில் லாட்ஜ் வைத்திருந்தால் என்ன, பிறந்த ஊர் சாத்தூர் அல்லவா?

"என்ன தம்பி, காத்தே வரலயே?"

ஆசிப்பின் முகம் செத்துப்போனது. யூசுப் மகனைப் பார்க்காமல் மேல்சுவரைப் பார்த்தார். அவர் மனசுக்குள் டிக்கெட் போட்டுவிட்டார் என்று நசிமாவுக்குத் தெரிந்தது. அவள் உள்கதவைத் தாண்டி இரண்டடி வெளியே வந்தாள்.

"அண்ணாச்சி, இத இங்கன வச்சுப் பாக்கக்கூடாது. வேற எடம் இருக்கு. ஒரு எட்டு வந்துருங்க."

"எங்கனம்மா?"

"பக்கத்துலதான். துண்டு மட்டும் ஒண்ணு எடுத்துக்கோங்க."

கிட்டங்கிக் கதவு திறந்ததும் அண்ணாச்சி, "யாத்தே!" என்று அலறினார். கொடைக்கானலில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக இருக்கிற மனிதர். இன்று மழுங்கச் சிரைத்த தலையோடும் ஒற்றை வேட்டியோடும் குளிருக்குள் வந்து நிற்கிறார். துண்டைத் தலையில் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சங்கிலிமுத்து போட்ட நாற்காலியில் ஒடுங்கினார். ஆசிப் மெஷினை அவர் காலுக்கு முன்னால் வைத்துப் போட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. அண்ணாச்சியின் பல் தந்தியடித்தது. ஆசிப்பின் கை தன்னால் ஃபேன் திருகுக்குப் போனது. கொஞ்சம் வேகத்தைக் கூட்டினால் என்ன? நசிமா எல்லோர் முன்னாலும் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். மாமனார் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். தனக்குள் யாசீன் ஓதிக்கொண்டே மெஷினையே பார்த்தாள். மெதுவா போ, அவசரமில்லை, மெதுவா போ.

முதலில் அண்ணாச்சியின் பல் தந்தியடிப்பது நின்றது. பிறகு துண்டைப் பிடித்திருந்த கை ஒன்று இறங்கியது. அப்புறம் இன்னொன்று. கால்விரல்களை மெஷின் பக்கம் நீட்டினார். நசிமாவின் பாதத்திலும் தரையோடு ஊர்ந்து வந்து ஏதோ ஒன்று தொட்டது. இளஞ்சூடு. அவள் கமருன்னிசாவைப் பார்த்தாள். கமருன்னிசா ஜமுக்காளத்தைத் தோளிலிருந்து கீழே விட்டிருந்தாள்.

அண்ணாச்சி துண்டை எடுத்து மடியில் போட்டு, மொட்டைத் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். கண்ணை மூடினார். கதவருகே நின்ற சங்கிலிமுத்து எட்டிப் பார்த்தான்.

"ஏப்பா, கதவச் சாத்து" என்றார் அண்ணாச்சி, கண்ணைத் திறக்காமலே. "சூடு வெளிய போவுதுல்ல."

ஆசிப் நசிமாவின் கையை நசுக்கியே விட்டான்.

"பிடிச்சிருக்கா அண்ணாச்சி?" யூசுப்புக்குக் குரல் கொஞ்சம் நடுங்கியது. குளிர் காரணம் என்று சொல்லமுடியாது.

"பாய், எங்கூட்டுல ஒருத்தி பத்து வருசமா ராத்திரி ஆனாக் காலு வெறைக்குதுன்னு அழுவா. மொத மெஷின் அவளுக்கு. இதையே நான் கார்ல வச்சுட்டுப் போறேன். தீபாவளிக்கு முன்னால லாட்ஜுக்கு ஒரு லோடு வந்துரணும். பக்கத்து லாட்ஜுக்காரனுவளுக்கு நானே சொல்லிக்கிறேன்." அவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. "இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா? வெளிய போனா வெயிலு."

வெளியே வந்ததும் கமருன்னிசா மகனின் தலையைப் பிடித்து இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். சங்கிலிமுத்து தனக்கும் ஒன்று வேண்டும், மார்கழிக்கு ஆகும் என்றான். ஆசிப் என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல், தகரம் எங்கே வாங்குவது, மைக்கா எங்கே வாங்குவது என்று வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். யூசுப் மகனை நிறுத்தி, அவன் கறுத்த கையைத் தன் வெள்ளைச் சட்டைக் கையால் பற்றினார்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான். இரு." பிறகு தாடியைத் தடவினார். "பைசல்கிட்டதான் யாரு சொல்றதுன்னு தெரியல. பாவம், அந்தப் புள்ள யாரு யாரு கால்லயோ விழுந்து வாங்குன விசா."

"நீங்க சொல்லுங்கத்தா."

"நான் எப்புடிலே? நாந்தான் அவன அவசரப்படுத்துனது."

இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நசிமா மாமனார் கையிலிருந்த செல்போனை வாங்கி, மரத்துக்கு அந்தப் பக்கம் போனாள்.

பைசல் எடுத்ததும் அவள் சுற்றி வளைக்கவில்லை. இவுக வரல அண்ணே, இங்கனயே தொழில் அமைஞ்சிருச்சு, கோச்சுக்காத என்றாள். அண்ணன் முதலில் கத்தினான். கம்பெனிக்காரன் மூஞ்சியில் எப்படி முழிப்பேன் என்றான். என்ன பெரிய தொழில் என்று கேட்டான். ஹீட்டர் என்றாள்.

"ஹீட்டரா? விருதுநகர்லயா?"

அவன் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து மூச்சு வாங்கியபோது அவன் குரல் இறங்கியிருந்தது.

"மச்சானா வேணாம்னு சொன்னாரு?"

"இல்லண்ணே. நாந்தான். போகக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ அரபியில் எதையோ கூப்பிட்டுச் சொல்வது கேட்டது.

"நீ சொல்லிட்ட" என்றான் பைசல். "நான் கெளம்புறப்ப தஸ்லிமா ஒரு வார்த்த சொல்லல நசிமா. சிரிச்சுக்கிட்டேதான் அனுப்பி வச்சா. சொல்லியிருந்தா யோசிச்சிருப்பனோ என்னமோ."

நசிமா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். இதையும் சொல்லாமல் விட்டால் தான் இன்று பேசியதற்கெல்லாம் அர்த்தமில்லை என்று தோன்றியது.

"சொல்லலன்னு யாருண்ணே சொன்னா? சொன்னா. அன்னைக்கு ராத்திரி பூராம் சொன்னா. எங்கிட்டச் சொன்னா."

"என்ன சொன்னா?"

"நான் சொல்லமாட்டேன். இன்னைக்கு வெள்ளிக்கெழம, தலைக்குக் குளிச்சுட்டு உக்காந்திருப்பா. நாளைக்கு வரைக்கும் தள்ளிப் போட்டுறாத. இப்பவே போனப் போட்டு அவகிட்டயே கேளு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் போனை வைத்தாள். லைன் அவனுக்கு வேண்டியிருக்கும்.